மதிலால் எட்டிப் பார்த்தவர்

தவிசாளர் அவர்களே, எங்கள் ஒழுங்கை வீடுகளின் நல்ல தண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தது உங்கள் பிரதேச சபை. மழையைச் சாட்டாதீர்கள். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அது எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும் என்று படித்த கதை சொல்லாதீர்கள். கல் நேற்று வந்ததல்ல. மலசலகூடக் குழி வெட்டுவித்தவர் என் அண்ணன். அதற்குப் பிளான் கீறியவன் நான். அனுமதி என்று முத்திரை குத்தியவர் நீங்கள். குத்த வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதரை இடம் மாற்றி அனுப்பியதும் நீங்கள்தான். அப்போதும் நீங்கள்தான் தவிசாளர், இப்போதும் நீங்கள்தான். ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன்.

அந்த மனிதரின் பெயரை எழுதமாட்டேன். ஒருமுறை அவர் பெயரைக் கடதாசியில் எழுதி நான் செய்த வேலை போதும். எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர். நேரில் சனம் பி.எச்.ஐ ஐயா என்று கூப்பிடும். அவர் அங்கால் போனதும் 'மதிலெட்டியர்' என்று சொல்லிச் சிரிக்கும்.

எங்கள் ஊரில் அடுத்த வளவை எட்டிப் பார்ப்பது பெரிய கேவலம். கிடுகு வேலி இருந்த காலத்திலேயே பொட்டுக்குள்ளால் பார்ப்பவரை விடுப்புப் பார்க்கிறார் என்று நாறடிப்பார்கள். இப்போது எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே மதில். இந்த மனிதர் கட்டை. அதனால் மோட்டார் சைக்கிளை மதிலோடு சாத்தி நிறுத்துவார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைப்பார். சீற்றில் ஏறி நிற்பார். ஏறியதும் பார்த்துவிட மாட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்துவார்.

"வீட்டுக்காரர்! பி.எச்.ஐ வந்திருக்கிறன்! எட்டிப் பாக்கப் போறன்! கிணத்தடியிலை ஆரும் நிக்கிறியளோ?"

மூன்று தரம். பதில் வராவிட்டால் இருமிவிட்டு இன்னொரு தரம். அதன் பிறகுதான் கண்ணைத் திறப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவரைப் போலவே கண்ணை மூடிக் கத்தி விளையாடும்.

ஒரு நாள் மலரக்காவின் மதிலில் ஏறி நின்றார். மலரக்கா எங்களுக்குப் பக்கத்து வளவு. அவவின் கிணற்றுத் தண்ணீர்தான் ஒழுங்கை முழுவதற்கும் குடிதண்ணீர். நான் அப்போது இரண்டு தண்ணீர்க் கான்களோடு அவவின் வாசல் படலையடியில் நின்றேன். உள்ளேயிருந்து மலரக்கா கத்தினா:

"நிக்கிறன் ஐயா! உடுப்புத் தோய்க்கிறன்! பொறுங்கோ!"

இவர் கண்ணை மூடியபடி சீற்றில் நின்றார். மலரக்கா வேண்டுமென்றே செய்தா. தோய்த்தா, அலசினா, பிழிந்தா, கொடியில் விரித்தா, கடைசியில் கால் முகமும் கழுவினா. வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஐயா, இன்னும் நிக்கிறியளே?"

"நிக்கிறன் பிள்ளை. நீர் ஆறுதலாய் முடியும்."

"முடிஞ்சுது. இப்ப பாருங்கோ. ஆரைப் பாக்கப் போறியள், என்னையோ கிணத்தையோ?"

"கிணத்தைத்தான் பிள்ளை. உம்மைப் பாக்கிறதுக்கு உம்மடை மனுசன் இருக்கிறார்."

ஒழுங்கையே சிரித்தது. மலரக்கா போய்ச் செவ்விளநீர் ஒன்று வெட்டி மதிலுக்கு மேலால் நீட்டினா. இதை நேரில் பார்த்தவன் நான். அவர் எப்படி எட்டிப் பார்ப்பவர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் இந்த இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் குருநகர்ப் பக்கத்து ஆள், மீன்பிடிக்கிற குடும்பம். கடற்கரையில் கிணறு வெட்டினால் உவர்த் தண்ணீர்தான் வரும். சின்ன வயதில் குடிக்கத் தண்ணீர் எடுக்க வெகுதூரம் கான் உருட்டிக்கொண்டு போனதாகச் சொல்லுவார். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வாய்க்குள் கொஞ்சம் வைத்திருந்து பார்த்துவிட்டு "எந்தக் கிணறு?" என்று கேட்பார். கிளாசில் மிஞ்சியதைச் சும்மா வீசமாட்டார். எழுந்து போய் ஒரு மரத்தடியிலோ பூச்சாடியிலோ ஊற்றிவிட்டு வந்துதான் கிளாசைத் திருப்பிக் கொடுப்பார். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அதுவும் பகிடி. கிணறும் தண்ணீரும் எங்கள் பாட்டன் சொத்து என்கிற திமிர் எங்களுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

எனக்குத் தொழில் வீட்டுப் பிளான் கீறுவது. வீட்டின் முன்னறைதான் என் கந்தோர். நான் கீறும் பிளானைக் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியோடு சபையில் கொடுப்பார்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்குப் போதிய தூரத்தில் இருக்கிறதா என்று பி.எச்.ஐ பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு தவிசாளரின் முத்திரை. இதுதான் ஒழுங்கு. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது எல்லாப் பிளான்காரருக்கும் தெரியும். பிளானில் உங்கள் காணியை மட்டும்தான் கீறுவோம். எல்லைக் கோட்டுக்கு அப்பால் வெள்ளைக் கடதாசி. பக்கத்து வளவில் கிணறு இருந்தாலும் அது கடதாசியில் இல்லை. கடதாசியில் இல்லாத கிணற்றுக்கும் உங்கள் குழிக்கும் இடையில் தூரம் அளக்க ஏலாது.

இதோடு எங்கள் சனத்துக்கு இன்னொரு பழக்கம். குழியை முன்பக்கம் வைக்கமாட்டோம். வாசலில் கக்கூசுக் குழியா, வருகிற போகிற ஆட்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே பின்மூலைக்குத் தள்ளுவோம். எங்கள் பின்மூலைக்கு அடுத்த பக்கம் என்ன? பக்கத்து வளவின் கிணற்றடி. ஒழுங்கை ஒழுங்கையாக இப்படித்தான் மரியாதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

இந்த மனிதர் அந்த வெள்ளைக் கடதாசியை விரலால் தட்டுவார். "மதிலுக்கு அங்காலை என்ன இருக்கு, தம்பி?" என்று கேட்பார். நான் தெரியாது என்பேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சீற்றில் ஏறிவிடுவார். இதுதான் அவர் செய்த குற்றம்.

ஒரு நாள் என்னிடம் வந்து ஒரு படிவம் கீறித் தரச் சொன்னார்.

"உம்மடை கை நல்ல கை. நடுவிலை குழி. அதைச் சுத்தி வட்டம். வட்டத்துக்குள்ளை எத்தினை கிணறு வருதோ அத்தினையும் குறிக்கோணும், ஆற்றை வளவெண்டாலும் சரி. கிணத்துக்காரரிட்டைக் கையெழுத்து வாங்கோணும். அடியிலை ஆர் பாத்தது, ஆர் அனுமதிச்சது எண்டு முழுப் பேர். அனுமதிக்க முன்னம் இது சபை வாசல்லை தொங்கோணும்."

"வாசல்லை என்னத்துக்குச் சேர்?"

"பேந்து தண்ணி நாறினால் சனம் ஆற்றை படலையிலை போய் நிக்கிறது? பேர் தெரியோணுமே."

என் கவராயத்தால் அந்த வட்டத்தைக் கீறினேன். கவராயம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. இன்னும் சில வட்டம் கீற வேண்டும் என்று இரவல் வாங்கிப் போனார். படிவத்தை உங்களிடம் கொண்டுவந்தபோது நானும் கூட வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஐயா, எங்கடை சனம் ஒரு வேலிக் கதியாலுக்குக் கோடேறி வழக்காடிறவை. பக்கத்து வீட்டுக்காரன்ரை கையெழுத்து வாங்கித்தான் வீடு கட்டோணுமெண்டால் இந்த ஊரிலை ஒரு கோழிக்கூடும் கட்டேலாது."

"கையெழுத்து வாங்கப் போற சாட்டிலையாவது கதைப்பினம், சேர்."

"வைச்சிட்டுப் போங்கோ. பாப்பம்."

வைத்துவிட்டு வந்தார். நீங்கள் பார்க்கவில்லை.

பிறகு என் அண்ணனின் வீடு. அண்ணன் சுவிசில் இருக்கிறார். ஊரில் பெரிதாக ஒரு வீடு கட்டி, கோயில் திருவிழாவோடு குடிபூர வேண்டும் என்று நாள் வைத்துவிட்டார். அறைக்கு அறை குளியலறை. பிளான் நான்தான் கீறினேன். குழி பின்மூலையில். எல்லைக் கோட்டுக்கு அப்பால் வெள்ளைக் கடதாசி.

பி.எச்.ஐ பிளானை விட்டுவிட்டு உறுதியைத்தான் முதலில் வாசித்தார். கடைசிப் பக்கம் வரை வாசித்தார்.

"தம்பி, உறுதியிலை கிணறு ஒண்டு கிடக்கு. பிளானிலை காணேல்லை. ஆர் தூர்த்தது?"

"எந்தக் கிணறு சேர்?"

"'கிணற்றில் ஆறிலொரு பங்கும் வழிவாய்க்காலும்' எண்டு எழுதிக் கிடக்கு."

"அது மலரக்கா வளவுக் கிணறு. அது எங்கடை இல்லை."

"உங்கடை இல்லையோ? ஆறிலை ஒண்டு உங்கடை, காணும். உம்மடை அப்பர் ஒப்பமும் வைச்சிருக்கிறார்."

உண்மைதான். பழைய காலத்தில் அது பங்குக் கிணறு. ஆறு குடும்பம் முறை வைத்துப் புகையிலைக்கு இறைத்தார்கள். பிறகு தோட்டம் வளவாகி, வளவுக்கு மதில் வந்து, பங்கை எல்லோரும் மறந்துபோனோம். தண்ணீர் அள்ளுவதை மட்டும் மறக்கவில்லை. நான் என் சொந்தக் கிணற்றைப் பிளானில் கீறாமல் விட்டு, அதற்குப் பக்கத்தில் கக்கூசுக் குழியைக் கீறியிருக்கிறேன்.

"குழியை முன்பக்கம் கொண்டு போம். கையெழுத்து வைக்கிறன்," என்றார்.

அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"முன்வாசல்லை கக்கூசோ? விசரே உனக்கு? அங்கையிருந்து சனம் வந்து கார் விட்டு இறங்கிறது குழிக்கு மேலையோ? உந்த மீன்வாடிப் பி.எச்.ஐக்கு ஒரு வழி பண்ணத் தெரியாட்டி நீ என்னத்துக்கு அங்கை இருக்கிறாய்?"

வழி பண்ணினேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டைப் பெட்டிசம் எழுதினேன். எங்கள் ஊரில் ஒருவரை விழுத்த வேண்டுமென்றால் இதுதான் வழி. பெயர் தேவையில்லை, ஒரு தபால் முத்திரை போதும். 'இந்த உத்தியோகத்தர் மதிலில் ஏறி நின்று கிணற்றடியில் குளிக்கும் பெண்களைப் பார்க்கிறார்' என்று எழுதினேன். 'ஒழுங்கைப் பெண்கள்' என்று முடித்தேன். நடுவில் ஒரு வரியில் அவர் எந்த ஊர் என்பதையும் சேர்த்தேன். ஊரைச் சொன்னால் சாதி என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கும். அந்த ஒரு வரிதான் வேலை செய்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

நீங்கள் அந்தப் பெட்டிசத்தோடு உங்கள் கடிதம் ஒன்றையும் வைத்து மேலிடத்துக்கு அனுப்பினீர்கள். ஒரு பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மலரக்கா தானாகவே பஸ் ஏறி விசாரணை நடந்த கந்தோருக்குப் போனா. "அந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர்" என்று சொல்லப் போனா. வாசலில் இருந்தவர் "உங்களை ஆரும் கூப்பிடேல்லையே அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அங்கே வேலை செய்யும் ஒருவர்தான் மிச்சத்தை எனக்குச் சொன்னார். பெட்டிசத்தைப் பி.எச்.ஐயின் கையில் கொடுத்து, எழுதிய ஆளைத் தெரியுமா என்று கேட்டார்களாம். அவர் அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் "தெரியாது" என்றாராம்.

இடமாற்றம் வந்தது. போகிற அன்று என் வீட்டுக்கு வந்தார். கவராயத்தை ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இரவல் வாங்கினது. இந்தாரும்."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் மனைவி கொண்டுவந்து கொடுத்தா. வாய்க்குள் வைத்திருந்து பார்த்தார்.

"மலர்ப்பிள்ளையின்ரை கிணறோ?"

"ஓம் ஐயா."

"நல்ல தண்ணி. கவனமாய் வைச்சிருங்கோ பிள்ளை."

மிச்சத்தைக் கொண்டுபோய்க் குரோட்டன் சாடியில் ஊற்றினார். படலையடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, பென்சில் கோட்டை வடிவாய் அழிக்கோணும். வெளிச்சத்துக்குப் பிடிச்சால் தெரியுது. போட்டு வாறன்."

நாள் முழுக்கப் பிளானில் எழுத்து எழுதுகிற கை என்னுடையது. பென்சிலால் கோடு போடாமல் எழுத வராது. பெட்டிசத்துக்கும் கோடு போட்டேன், எழுதினேன், பிறகு அழித்தேன். நன்றாக அழித்தேன் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து வந்தவர் வளவுப் பக்கமே வராமல் கந்தோரில் இருந்தபடி கையெழுத்து வைத்தார். நீங்கள் முத்திரை குத்தினீர்கள். குடிபூரல் சிறப்பாக நடந்தது. முன்வரிசையில் இருந்து நீங்களும் சாப்பிட்டீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த வீடு நிறைய ஆட்கள். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். இரண்டாம் வருசம் மாரி மழை விட்ட கையோடு கிணற்றுத் தண்ணீர் மணத்தது. நாங்கள் இலை விழுந்து அழுகியிருக்கும் என்று நினைத்து இறைத்துவிட்டு மறுபடியும் குடித்தோம். மலரக்காவின் மகளுக்குச் செங்கண்மாரி. மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மஞ்சள் கண்ணோடு கிடந்தாள். அந்த வருசச் சோதினை எழுதவில்லை. பிறகு எழுதவும் போகவில்லை. அடுத்தது முன்வீடு. மூன்றாவது என் மனைவி.

அதன் பிறகு சுகாதாரக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போத்திலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து 'குடிக்க உகந்ததல்ல' என்று கிணற்றுக் கட்டில் சிவப்புப் பெயின்ரால் எழுதினார்கள். குழியில் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் சபையில் கேட்டேன். தனியார் கிணறு, எங்கடை இல்லை என்றீர்கள். தண்ணீர்க் குழாய் போடுகிறவர்களைக் கேட்டேன். குழாய்தான் எங்கள் பொறுப்பு, கிணறு எங்கடை இல்லை என்றார்கள். அந்தக் குழாய் ஒழுங்கை முகப்பில் தண்ணீர் வராமல் கிடக்கிறது. சுகாதாரக் கந்தோரில் அறிக்கை கொடுத்தாயிற்று, இனி எங்கடை இல்லை என்றார்கள். மூன்றாம் தரம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வசனத்தை முதலில் சொன்னவன் நான்.

இப்போது ஒழுங்கை முகப்பில் ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. பவுசர் லொறி வருகிற அன்று தண்ணீர். சிவப்பு எழுத்து எழுதிய கிணற்றுக் கட்டில் மலரக்கா தன் வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறா. ஒரு நாள் தாங்கியடியில் எனக்கு முன்னால் கானோடு நின்றா.

"தம்பி, நீ பிளான் கீறேக்கை என்ரை கிணறு உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லையே?"

நான் தாங்கியைப் பார்த்தேன்.

"அந்த மதிலெட்டி மனுசன் இருந்திருந்தால் உது நடந்திராது. ஆரோ கட்டையிலை போவான் எழுதிக் கெடுத்துப்போட்டான். அவன்ரை கை அழுகும்."

"ஓம் அக்கா," என்றேன்.

அப்படி 'ஓம்' சொல்லிவிட்டு இருக்க ஏலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பி.எச்.ஐயின் வீட்டைத் தேடிப் போனேன். மாற்றம் வந்து கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய மனைவி கதவு திறந்தா. யார் என்று கேட்டதற்குக் "கந்தோரிலை தெரிஞ்ச ஆள்" என்றேன். தேத்தண்ணீர் தந்தா. அவர் உள்ளேதான் இருந்தார். இருமல் கேட்டது, மதிலில் ஏறி நின்று இருமுகிற அதே இருமல். வெளியே வரவில்லை.

"ஆக்கள் வந்தால் வரமாட்டார் தம்பி. றோட்டிலை போனாலும் நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் போறார். இரண்டு பெண்பிள்ளையளைப் பெத்த மனுசன். அந்தக் கடுதாசிக்குப் பிறகு, நாங்கள் ஆராவது கிணத்தடியிலை நிண்டால் முத்தத்துக்கும் இறங்கிறேல்லை."

இதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். பிறகு எழும்பி வந்துவிட்டேன். சொல்லப் போனதைச் சொல்லவில்லை. போன வருசம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு மதிலில் அவருடைய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படத்தில் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

தவிசாளர் அவர்களே, இப்போது எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் கலியாண மண்டபம் ஒன்று வருகிறது. பிளானை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். வேறு ஆள் கீறியிருக்கிறார். பார்த்தேன். ஒரே வரிசையில் அத்தனை மலசலகூடம். குழி பின்மூலையில். எல்லைக் கோட்டுக்கு அப்பால் வெள்ளைக் கடதாசி. அந்த வெள்ளைக் கடதாசியில் பின் ஒழுங்கைச் சனம் குடிக்கிற, ஊருக்கு மிஞ்சியிருக்கிற இரண்டு நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருக்கின்றன. அடுத்த சபைக் கூட்டத்தில் அந்தப் பிளானுக்கு முத்திரை குத்தப் போகிறீர்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நான் வருவேன். ஒழுங்கைச் சனமும் வரும், மலரக்காவும் வருவா. அந்த மனிதருடைய கோப்பில் இருக்கிற பெட்டிசத்தை எடுப்பித்து வாருங்கள். வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், பென்சில் கோடு தெரியும். அதை எழுதியவன் நான்தான், அதில் இருப்பது முழுப் பொய் என்று எழும்பி நின்று, என் பெயரோடு, மலரக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதன் பிறகு அவ என்ன செய்தாலும் சரி.

பிறகு நீங்கள் எழும்ப வேண்டும். ஒரு பெண்ணையும் கேட்காமல் அந்தக் கடதாசியை ஏன் மேலே அனுப்பினீர்கள்? பார்க்காமல் வைத்த கையெழுத்துக்குக் கீழே ஏன் முத்திரை குத்தினீர்கள்? நான் கீறிய வட்டத்தோடு அவர் கொண்டுவந்து தந்த படிவம் எந்த மேசை லாச்சிக்குள் கிடக்கிறது? இவற்றைத் தனியாகக் கூப்பிட்டு எனக்குச் சொல்ல வேண்டாம். கடிதத்திலும் வேண்டாம். சனத்துக்கு முன்னால், வாயால் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த மண்டபத்துப் பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் என்னிடம் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்: மதிலுக்கு அங்காலை என்ன இருக்கு?